பழைய சுடும் கேம்கள் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டூம், குவேக், ஹாஃப்-லைஃப், ஃபியர் என்று முதல் பாகத்திலிருந்து கடைசி விரிவாக்கம் வரை வரிசையாக ஆடி முடிக்க உட்காருபவருக்கு, எதிரிகளைவிட அதிகத் தலைவலி தருவது சொந்தக் கணினிதான். கேம் திறக்காது, இசை வராது, லிஃப்டில் ஏறினால் ஆள் செத்துப்போவான், சாவி இருக்க வேண்டிய இடத்தில் சாவி இருக்காது. எதைத் தொடும் முன்பும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கோளாறு எஞ்ஜினிலா (கேமை ஓட்டும் நிரல்), டேட்டா ஃபைல்களிலா (மேப், படம், ஒலி), அல்லது கோளாறே இல்லாமல் கேம் அப்படித்தான் உருவாக்கப்பட்டதா?

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அதே டேட்டாவை வேறொரு எஞ்ஜினில் ஓட்டிப் பார்ப்பது. டூமை சாக்லேட் டூமிலும் ஜிஇசட்டூமிலும் ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் தகராறு என்றால் எஞ்ஜின். இரண்டிலும் அதே இடத்தில் அதே தகராறு என்றால் டேட்டா, அல்லது கேமின் அமைப்பு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் டிரைவரை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை.

டூமின் மூலநிரல் 1997 டிசம்பரிலும், குவேக்குடையது 1999 டிசம்பரிலும், குவேக் 2 உடையது 2001 டிசம்பரிலும், குவேக் 3 உடையது 2005 ஆகஸ்டிலும் வெளியானது. அதனால் இவை எல்லாவற்றுக்கும் சோர்ஸ் போர்ட், அதாவது அந்த மூலநிரலை இன்றைய கணினிக்கென்று மாற்றி எழுதிய எஞ்ஜின், இலவசமாகக் கிடைக்கிறது. போர்ட் இருக்கும் கேமுக்குப் பழைய இஎக்ஸ்இ ஃபைலோடு மல்லுக்கட்டாதீர்கள். விண்டோஸின் கம்பாட்டிபிலிட்டி மோடைப் பத்து விதமாக மாற்றிப் பார்ப்பதைவிட, போர்ட்டை இறக்கி, விலை கொடுத்து வாங்கிய டேட்டா ஃபைலை அதன் பக்கத்தில் வைப்பது விரைவில் முடியும்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் கீழே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு காட்டிய இடத்தில் அடிக்கோடு வேண்டும். காட்டாத இடத்தில் இடைவெளி கூடாது.

ஐகானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

குறுவட்டுப் பதிப்பா? அப்படியானால் முதல் சந்தேகம் சேஃப்டிஸ்க் பூட்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த பல குறுவட்டுகள், வட்டு அசல்தானா என்று பார்க்க செக்டிஆர்வி.சிஸ் என்ற டிரைவரை நம்பியிருந்தன. விண்டோஸ் 10-இல் அந்த டிரைவர் இல்லை. விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் 2015 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கிவிட்டது. இஎக்ஸ்இ ஓடத் தொடங்கிய உடனே மூச்சுவிடாமல் மூடிக்கொள்ளும். பிழைச் செய்திகூட வராது. அந்த டிரைவரை மறுபடி இயக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கும், ஆனால் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியதே அது பாதுகாப்பில் பெரிய ஓட்டை என்பதால். சோர்ஸ் போர்ட் இருந்தால் வட்டிலிருந்து டேட்டாவை மட்டும் எடுங்கள். போர்ட் இல்லையென்றால் டிஜிட்டல் பதிப்பை வாங்குவதே சரி.

இன்ஸ்டாலரே திறக்கவில்லை, "இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்ற மாதிரி செய்தி வருகிறது என்றால், அது 16 பிட் இன்ஸ்டாலர். கேம் 32 பிட்டாக இருந்தாலும் 90களில் இன்ஸ்டாலரை மட்டும் 16 பிட்டில் கட்டுவது வழக்கமாக இருந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல் எதையும் ஓட்டாது. குவேக் போன்றவற்றில் டேட்டாவை வட்டிலிருந்தோ பழைய இன்ஸ்டாலிலிருந்தோ நேராக நகலெடுத்தால் போதும், இன்ஸ்டாலர் தேவைப்படாது.

கேம் ஒரு நொடி கருப்புத் திரை காட்டி விழுந்தால், அதுவும் குவேக் 2, குவேக் 3 எஞ்ஜின் வழியில் வந்த கேம் என்றால், காரணம் கிராஃபிக்ஸ் அட்டை தரும் பட்டியல். ஓப்பன்ஜிஎல் டிரைவரிடம் "உனக்கு என்னென்ன தெரியும்" என்று கேம் கேட்கும். அந்தக் காலத்தில் பதில் சில வரிகளில் முடிந்தது. இன்றைய டிரைவர் பல பக்கம் நீளத்துக்குப் பதில் சொல்கிறது. கேம் அதற்கென்று ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்ததும் அப்படியே சாய்ந்துவிடும். குவேக் 3-க்கு ஐஓகுவேக்3, குவேக் 2-க்கு யமாகி குவேக் 2, ரிட்டர்ன் டு கேசில் வுல்ஃபன்ஸ்டைனுக்கு ஐஓஆர்டிசிடபிள்யூ. மூன்றிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

லினக்ஸில் போர்ட் திறக்கிறது, ஆனால் டேட்டா இல்லை என்று அழுகிறதா? ஃபைல் பெயரில் பெரிய எழுத்து இருக்கும். வட்டிலிருந்து எடுத்த பாக்0.பாக் ஃபைல் பெரிய எழுத்தில்தான் வரும். ஐடி1 ஃபோல்டரையும் உள்ளே இருக்கும் பாக்0, பாக்1 இரண்டையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். குவேக்கில் பாக்0 மட்டும் இருந்தால் அது ஷேர்வேர், அதாவது இலவச மாதிரிப் பதிப்பு. முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடும்.

கேம் ஓடுகிறது, இசை மட்டும் இல்லை

குவேக் ஆடுபவர்களில் நிறையப் பேர் ட்ரென்ட் ரெஸ்னர் அமைத்த இசையைக் கேட்காமலேயே கேமை முடித்திருப்பார்கள். காரணம், இசை கேமின் ஃபைல்களுக்குள் இல்லை. 1996-இல் வந்த குறுவட்டில் முதல் டிராக் டேட்டா; 2 முதல் 11 வரை சாதாரண ஆடியோ டிராக்குகள், பாட்டு சிடியில் இருப்பது போலவே. ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபைல்களை மட்டும் நகலெடுத்தால் இசை வட்டிலேயே தங்கிவிடும். வட்டை ஐஎஸ்ஓவாக மாற்றி வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ஐஎஸ்ஓவில் ஆடியோ டிராக்குக்கு இடமில்லை. முழு வட்டும் வேண்டுமென்றால் பின், க்யூ என்ற ஜோடி ஃபைலாகத்தான் எடுக்க வேண்டும். டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களை ஓட்டும் நிரல்) ஏற்றும்போதும் ஐஎம்ஜிமவுன்ட் கட்டளையில் க்யூ ஃபைலைக் காட்டுங்கள். பின் ஃபைலைக் காட்டினால் டேட்டா மட்டும் வரும்.

குவேக்கின் போர்ட்டுகளான குவேக்ஸ்பாஸம், அயர்ன்வெயில், விகேகுவேக் எல்லாமே ஃபோல்டரிலிருந்து இசையை எடுத்துக்கொள்ளும். செய்ய வேண்டியது: ஐடி1 ஃபோல்டருக்குள் மியூசிக் என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பத்து ஃபைலை டிராக்02.ஓஜிஜி முதல் டிராக்11.ஓஜிஜி வரை பெயரிட்டுப் போடுவது. ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு எண் நழுவுவது. சிடியிலிருந்து பாட்டு எடுக்கும் மென்பொருள் சில, டேட்டா டிராக்கைத் தள்ளிவிட்டு முதல் ஆடியோவுக்கு 01 என்று எண் போட்டுவிடும். அப்போது இசை வரும், ஆனால் ஒவ்வொரு மேப்பிலும் வேறு மேப்பின் இசை ஒலிக்கும்; 11-ஆம் டிராக் கேட்கும் இடத்தில் மௌனமாக இருக்கும். ஃபோல்டரில் 01 என்ற ஃபைல் இருந்தாலே எண்கள் நழுவிவிட்டன என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் ஒன்றைக் கூட்டி, கடைசி ஃபைலில் தொடங்கி மேலே வாருங்கள். மேலிருந்து கீழே மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து (எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசை) பிஜிஎம்வால்யூம் 1 என்று அடியுங்கள். பிறகு மியூசிக் டிராக்02 என்று அடித்தால் அந்த டிராக் உடனே ஒலிக்க வேண்டும். ஒலித்தால் ஃபைல் சரி. மேப்பை மறுபடி ஏற்றினால் போதும். 1997-இல் வந்த இரண்டு விரிவாக்கங்களுக்கும் தனி இசை உண்டு. அவை ஹிப்னாடிக், ரோக் ஃபோல்டர்களுக்குள் தனித்தனி மியூசிக் ஃபோல்டரில் இருக்க வேண்டும். யமாகி குவேக் 2-இல் பேஸ்க்யூ2 ஃபோல்டருக்குள் மியூசிக் ஃபோல்டர்; பெயர் வெறும் 02.ஓஜிஜி என்று இருந்தால் போதும்.

டூமில் வேறு மாதிரித் தொல்லை: இசையைக் குறைத்தால் துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்து குறைகிறது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் மிடி இசையின் ஒலியளவையும் மற்ற ஒலியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. விண்டோஸின் மிடியை விட்டுவிட்டு, போர்ட்டின் ஒலி அமைப்பில் ஃப்ளூயிட்சின்த் அல்லது ஓபிஎல் எமுலேஷனைத் தேர்ந்தெடுங்கள். பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டையின் கரகரப்பு பிடிக்கும் என்றால் ஓபிஎல்.

டாஸ்பாக்ஸில் ஒலியே இல்லையென்றால் கேமின் செட்டப் நிரலைத் திறந்து, சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். 16 பிட் டிஎம்ஏ கேட்டால் 5. ஜெனரல் மிடி தேர்ந்தெடுத்தால் போர்ட் 330. பழைய செட்டப் நிரல்கள் சில ஐஆர்க்யூ 5 என்று தாமாகவே எழுதிவைக்கும். அதுதான் மௌனத்துக்குக் காரணம்.

லிஃப்ட் ஆளைக் கொல்கிறது, கதவில் சிக்குகிறது, எல்லாம் பேய் வேகத்தில் ஓடுகிறது

வேகத் தகராறு எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: அந்தக் கேம்கள் நேரத்தை ஃப்ரேமோடு முடிச்சுப் போட்டிருந்தன. முதலில் ஃப்ரேமைக் குறையுங்கள், பிறகு மற்றதை யோசிக்கலாம்.

குவேக்கின் அசல் எஞ்ஜின் நொடிக்கு 72 ஃப்ரேமுக்கு மேல் போகாது. அந்த வேலியை எடுத்துவிட்டு 240 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால், மேலேறும் தளத்தில் நிற்கும்போது உயிர் குறையும், பொருள்கள் நடுங்கும். குவேக்ஸ்பாஸத்தில் கன்சோலைத் திறந்து ஹோஸ்ட்_மேக்ஸ்எஃப்பிஎஸ் 72 என்று அடியுங்கள். உயர்ந்த ஃப்ரேமும் வேண்டும், பிசிக்ஸும் கெடக்கூடாது என்றால் அயர்ன்வெயிலுக்கு மாறுங்கள். அது படத்தையும் பிசிக்ஸையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது.

ஹாஃப்-லைஃபில் எஃப்பிஎஸ்_மேக்ஸ் (ஃப்ரேம் வரம்பு) இயல்பாகவே 100. அதைத் தாண்டும் அனுமதியை யாரோ சொன்னார்கள் என்று போட்டுவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். லிஃப்டும் ரயிலும் வரும் இடங்களில் சிக்கல் தொடர்ந்தால் 60-க்கு இறக்கி அந்த இடத்தைக் கடந்துவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

குவேக் 3-இல் இது கோளாறு என்பதைத் தாண்டி ஒரு உத்தியாகவே ஆகிவிட்டது. காம்_மேக்ஸ்எஃப்பிஎஸ் இயல்பாக 85. 125 என்று வைத்தால் ரவுண்டிங் கணக்கில் ஆள் சற்று உயரமாகத் தாவுவான். போட்டியாளர்கள் அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

டூமில் தலைகீழ்: வேகம் சரி, ஆனால் படம் தடதடவென்று நகர்கிறது. டூம் நொடிக்கு 35 அடிகளில்தான் ஓடுகிறது. சாக்லேட் டூம் அந்த 35-ஐ அப்படியே காட்டும். அதன் நோக்கமே அதுதான். கண்ணுக்கு வழவழவென்று வேண்டுமென்றால் கிரிஸ்பி டூம் அல்லது டிஎஸ்டிஏ-டூமில் ஃப்ரேம் வரம்பைத் திறந்துவிடுங்கள். இடைப்பட்ட படங்களை அது தானே நிரப்பிக்கொள்ளும். கேமின் கணக்கு 35-லேயே இருக்கும்.

அன்ரியல், அன்ரியல் டோர்னமென்ட் இரண்டும் திடீரென்று வேகமெடுத்து, திடீரென்று தளர்ந்தால், பிராசசர் மின்சாரம் மிச்சப்படுத்தத் தன் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஓல்ட்அன்ரியல் குழுவின் பேட்ச் போடுங்கள்: அன்ரியல் கோல்டுக்கு 227, டோர்னமென்டுக்கு 469. டாஸ்பாக்ஸில் ஓடும் கேமுக்கு கன்ட்ரோல்+எஃப்11 வேகத்தைக் குறைக்கும், கன்ட்ரோல்+எஃப்12 கூட்டும். ஒலி வெடித்து வெடித்து வந்தால் கூட்டியது அதிகம் என்று அர்த்தம்.

வலுவான கணினியிலும் ஃபியர் திணறுகிறது

2005-இல் வந்த கேம், இன்றைய கிராஃபிக்ஸ் அட்டை. ஆனாலும் ஃப்ரேம் சரிகிறது. அட்டை மேல் பழி போடாதீர்கள். இந்தக் கேம் கணினியில் செருகியுள்ள மவுஸ், கீபோர்டு, ஹெட்செட் எல்லாவற்றையும் டைரக்ட்இன்புட் வழியாகத் தேடிக்கொண்டே இருக்கிறது. நவீன கேமிங் மவுஸ் ஒன்றே நாலைந்து சாதனங்கள் போலத் தன்னைக் காட்டிக்கொள்வதால் கேம் தேடித் தேடி மூச்சு வாங்குகிறது.

இதற்கென்று ஆர்வலர்கள் எழுதிய டிஇன்புட்8.டிஎல்எல் ஃபைல் இருக்கிறது. அதை ஃபியர்.இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: எக்ஸ்ட்ராக்ஷன் பாயின்ட் (2006), பெர்சியஸ் மேன்டேட் (2007) இரண்டுக்கும் தனி இஎக்ஸ்இ, தனி ஃபோல்டர். ஃபியர்எக்ஸ்பி, ஃபியர்எக்ஸ்பி2 ஃபோல்டர்களிலும் அதே ஃபைலை நகலெடுத்தே ஆக வேண்டும். ஃபைல் போடும் முன் காரணத்தை உறுதிசெய்ய விரும்பினால், தேவையில்லாத யுஎஸ்பி சாதனங்களைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் நோய் அதுதான்.

கூடவே ஒன்று: சாஃப்ட் ஷேடோஸ், ஆன்ட்டி-அலையாசிங் இரண்டும் இந்தக் கேமில் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றை அணையுங்கள். அணைக்க வேண்டியது சாஃப்ட் ஷேடோஸ். அதன் விலைக்கு ஏற்ற அழகு அதில் இல்லை.

மவுஸை மேலே தள்ளினால் ஆள் முன்னால் ஓடுகிறான்

டூம் காலத்து வழக்கம் அது. அன்று பலர் மவுஸாலேயே நடந்தார்கள். சாக்லேட் டூமின் செட்டப் நிரலில் மவுஸ் பகுதிக்குப் போய், செங்குத்து நகர்வை அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். குவேக்கில் இதே தொல்லை வந்தால் ஐடி1 ஃபோல்டரில் ஆட்டோஎக்ஸெக்.சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து, கூட்டல் குறியோடு +எம்லுக் என்று ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள்.

குறி வழுக்குகிறது, மெல்ல நகர்த்தினால் நகரவில்லை, வேகமாக நகர்த்தினால் பறக்கிறது என்றால் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" குறியை எடுங்கள். டாஸ்பாக்ஸில் மவுஸ் ஜன்னலைவிட்டு வெளியே ஓடினால் கன்ட்ரோல்+எஃப்10.

படம் நசுங்கித் தெரிகிறது, தலை சுற்றுகிறது, எழுத்து எறும்பு மாதிரி

டூமும் டியூக் நியூகமும் 320×200 புள்ளிகளில் வரையப்பட்டவை. ஆனால் அவை ஓடிய திரைகள் 4:3. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகத் தெரிந்தது. ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் சதுரப் புள்ளியாகக் காட்டினால் எல்லா அரக்கர்களும் குட்டையாகிவிடுவார்கள். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். போர்ட்டுகளில் ஆஸ்பெக்ட் ரேஷியோ திருத்தத்தை இயக்குங்கள். புள்ளிகள் பிசிறில்லாமல் பொருந்தும் அளவு 1600×1200: அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு. 1920×1200 திரை வைத்திருப்பவர்களுக்கு யோகம்.

அகலத் திரையில் பார்வை சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பது போலிருந்தால் எஃப்ஓவியை, அதாவது பார்வைக் கோணத்தை, மாற்ற வேண்டும். 4:3-இல் 90 என்பது 16:9-இல் சுமார் 106, 16:10-இல் சுமார் 100. முதலிலேயே 120 வைத்துவிட்டு ஓரங்கள் இழுபடுகின்றன என்று குறைப்படாதீர்கள். தலைசுற்றலுக்கு எஃப்ஓவியோடு நடையின் ஆட்டமும் காரணம். குவேக்கில் சிஎல்_பாப் 0, சிஎல்_ரோல்ஆங்கிள் 0 இரண்டையும் போடுங்கள். குமட்டல் பாதிக்கு மேல் அடங்கும். ஜிஇசட்டூமில் ஆட்டக்காரர் அமைப்பில் மூவ்பாப் 0.

டூம் 3-இல் பெரிய திரைக்கான அளவுகள் மெனுவில் இருக்காது. கன்சோலில் ஆர்_மோட் -1, ஆர்_கஸ்டம்விட்த் 1920, ஆர்_கஸ்டம்ஹைட் 1080, ஆர்_ஆஸ்பெக்ட்ரேஷியோ 1 என்று நான்கையும் கொடுத்து, கடைசியில் விட்_ரீஸ்டார்ட். கன்சோல் திறக்க கன்ட்ரோல்+ஆல்ட்டோடு எஸ்கேப்புக்குக் கீழுள்ள விசை. டூம் 3-க்கான போர்ட்டை டி, ஹெச், இ, டபிள்யூ, எம், 3 என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தேடுங்கள். அதற்கு 1.3.1 பேட்ச் போட்ட டேட்டா, அதாவது பாக்000 முதல் பாக்008 வரை ஒன்பது ஃபைலும் இருந்தாக வேண்டும். டார்ச்சும் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியவில்லையே என்று தேட வேண்டாம். 2004-இன் அசல் அப்படித்தான். 2012-இன் பிஎஃப்ஜி பதிப்பில்தான் டார்ச் கவசத்துக்குப் போனது.

4கே திரையில் குவேக்ஸ்பாஸத்தின் எழுத்துகள் சிறிதானால் எஸ்சிஆர்_கான்ஸ்கேல், எஸ்சிஆர்_மெனுஸ்கேல், எஸ்சிஆர்_எஸ்பார்ஸ்கேல் மூன்றுக்கும் 3 கொடுத்துப் பாருங்கள்.

வேறு மேப் ஏற்றினேன், பழைய மேப்தான் வருகிறது

டூமுக்கு வெளியார் செய்த மேப்புகள் பெரும்பாலும் டூம் 2-க்கானவை. டூம் 2-இல் மேப்பின் பெயர் மேப்01 என்ற மாதிரி. முதல் டூமில் இ1எம்1 என்ற மாதிரி. முதல் டூமின் டேட்டா ஃபைலான டூம்.வாட் மேல் டூம் 2 மேப்பை ஏற்றினால் எஞ்ஜின் முறைத்துக்கொள்ளாது. பெயர் பொருந்தாததால் கண்டுகொள்ளாமல் பழைய இ1எம்1-ஐத் திறக்கும். -ஐவாட் டூம்2.வாட் என்று அடிப்படை ஃபைலைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மேப் வருகிறது, ஆனால் சுவிட்சை அழுத்தினால் எதுவும் அசையவில்லை என்றால், அது பூம் வகை மேப், அதாவது அசலில் இல்லாத வசதிகளை நம்பிச் செய்தது. நீங்கள் ஓட்டுவது அசல் முறையில். டிஎஸ்டிஏ-டூமில் -காம்ப்லெவல் 9 கொடுங்கள். மேப்பின் குறிப்பில் எம்பிஎஃப்21 என்று இருந்தால் 21. அசல் டூம் 2 மேப்புகளுக்கு 2, அல்டிமேட் டூமுக்கு 3, ஃபைனல் டூமுக்கு 4. சாக்லேட் டூம் பெரிய மேப்பில் விஸ்பிளேன் என்று சொல்லி விழுந்தால், ஒரே காட்சியில் 128 தளப் பரப்புக்கு மேல் வந்துவிட்டது. அந்த வரம்பு அசலிலேயே உள்ளது. வேறு போர்ட்டில் ஆடுங்கள்.

குவேக்கில் திரை நடுவே டாலர் குறியோடு புரியாத சொல் வந்தால், 2021 மறுவெளியீட்டின் டேட்டாவைப் பழைய போர்ட்டில் ஓட்டுகிறீர்கள். வாசகங்கள் தனி மொழி ஃபைலுக்குப் போய்விட்டன. பழைய போர்ட்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. போர்ட்டைப் புதுப்பியுங்கள். விரிவாக்கத்தில் புதிய ஆயுதங்கள் கீழ்ப்பட்டையில் தெரியவில்லை என்றால் -கேம் ஹிப்னாடிக் என்று தொடங்கியிருப்பீர்கள். -ஹிப்னாடிக் அல்லது -ரோக் என்று தொடங்குங்கள்.

டியூக் நியூகமில் நான்காவது அத்தியாயம் காணோமா? டியூக்3டி.ஜிஆர்பி ஃபைலின் அளவைப் பாருங்கள். 44,356,548 பைட் என்றால் அட்டாமிக் பதிப்பு. 26,524,524 என்றால் பழைய 1.3டி, அதில் மூன்றே அத்தியாயம். 11,035,779 என்றால் ஷேர்வேர்.

வழி அடைத்துக்கொண்டது, மேலே போக முடியவில்லை

இதில் உண்மையான கோளாறு குறைவு, கேமின் குறும்பு அதிகம். ஆனால் ஒரு உண்மையான கோளாறு பல பேரை மணிக்கணக்கில் சுற்ற வைத்திருக்கிறது: ஃபைனல் டூமின் டிஎன்டி: எவிலூஷன், மேப்31. மஞ்சள் சாவி இல்லை. எங்கே தேடினாலும் இல்லை, ஏனென்றால் அதைப் பலர் சேர்ந்து ஆடும் முறையில் மட்டும் தோன்றும்படி தவறுதலாகக் குறித்துவிட்டார்கள். மேப்பைச் செய்த டீம் டிஎன்டியே பிறகு டிஎன்டி31.வாட் என்ற திருத்தத்தை வெளியிட்டது. அதைச் சேர்த்து ஏற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஐடிகேஎஃப்ஏ என்று தட்டினால் எல்லாச் சாவியும் கைக்கு வரும். இந்த ஒரு இடத்தில் அது ஏமாற்று வேலை ஆகாது.

மேட்டிலிருந்து கீழே குதிக்கப் போனால் காற்றில் சுவர் போல ஏதோ தடுக்கிறதா? கீழே அரக்கன் நிற்கிறான். அசல் டூமில் இரண்டு உருவங்கள் மோதுகின்றனவா என்று பார்க்கும்போது உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு அரக்கனும் வானம் வரை உயரம். அவனைக் கொல்லுங்கள், அல்லது ஜிஇசட்டூமுக்குப் போங்கள்.

டூமின் முதல் அத்தியாயம் முடியும்போது, பேரன் ஆஃப் ஹெல் என்ற அரக்கர்கள் இருவரையும் கொன்று, டெலிபோர்ட்டரில் நுழைந்ததும் இருட்டறையில் ஆள் சாகிறான். அது முடிவுதான். உயிர் 10 அல்லது அதற்குக் கீழே இறங்கியதும் அத்தியாயம் முடியும்படி அந்தத் தரையே அமைக்கப்பட்டது. சாகாவரம் போட்டிருந்தாலும் அந்தத் தரை அதை அணைத்துவிடும். டூம் 2-இன் மேப்07-இல் சுவர் இறங்கவில்லையென்றால் மான்குபஸ் என்ற அரக்க வகையில் ஏதோ ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லாம் செத்ததும் சுவர் இறங்கும், அப்புறம் அரக்னோட்ரான்களின் முறை. அரக்கர்கள் இல்லாமல் சுற்றிப் பார்க்க -நோமான்ஸ்டர்ஸ் போட்டவர்கள் இங்கே நிரந்தரமாக மாட்டுவார்கள். மேப்30-இல் தோட்டா செல்லாது. மேலேறும் தூணில் நின்று, சுவரில் தெரியும் அரக்க முகத்தின் நெற்றித் துளைக்குள் ராக்கெட் விட வேண்டும்.

குவேக்கின் இ1எம்7-இல் க்தோன் என்ற பெரிய அரக்கனைச் சுட்டு வெடிமருந்தைத் தீர்க்காதீர்கள்; அவன் மேல் எந்த ஆயுதமும் ஏறாது. இரு பக்கத்து பட்டன்களையும் அழுத்தி மின்கம்பங்கள் இரண்டையும் நகர்த்துங்கள். இரண்டும் நிலைக்கு வந்த பிறகே மூன்றாவது பட்டன். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தினால் மின்னல் வராது. ஈஸியில் ஒரு அடி போதும், நார்மலிலும் ஹார்டிலும் மூன்று அடி.

குவேக்கில் அத்தியாயத்துக்கு ஒன்றாக நான்கு ரூனும் (மாயக் குறி) எடுத்தாயிற்று, ஆனால் தொடக்கக் கூடத்தில் இறுதி வழி திறக்கவில்லை என்று ஒரு புகார் அடிக்கடி வரும். நடுவில் எங்கோ கன்சோலில் மேப் கட்டளை கொடுத்து ஒரு மேப்புக்குத் தாவியிருப்பீர்கள். அந்தக் கட்டளை புதிதாக ஆட்டம் தொடங்குவதாக எடுத்துக்கொண்டு, ரூன் கணக்கைப் பூஜ்ஜியமாக்கிவிடும். தாவியே ஆக வேண்டுமென்றால் சேஞ்ச்லெவல் கட்டளை. அதில் ரூன்கள் பத்திரம். வழி திறந்து கீழே போனபின் கடைசி எதிரியான ஷப்-நிகுராத்தும் சுட்டால் சாகாது. முள் உருண்டை ஒன்று மிதந்து அதன் உடலுக்குள் போய் வரும். உருண்டை உள்ளே இருக்கும் நொடியில் டெலிபோர்ட்டரில் கால் வையுங்கள்.

ஹாஃப்-லைஃபின் ப்ளாஸ்ட் பிட் பகுதியில் கொடுக்கு நீண்ட மூன்று டென்டக்கிள்களும் கண்ணில்லாதவை, ஒலி கேட்டு வருபவை. குனிந்து நடங்கள்; ஓட வேண்டிய இடத்தில் கிரனேடை எதிர்ப்பக்கம் வீசிவிட்டு ஓடுங்கள். எரிபொருள், ஆக்ஸிஜன், மின்சாரம் மூன்றையும் திறக்காமல் மேலறைப் பொத்தானை அழுத்திப் பயனில்லை. டூம் 3-இன் "மார்ஷியன் படி" என்ற பெயர் கொண்ட அலமாரிக்குக் குறியீடு கேமுக்குள் எங்கும் கிடைக்காது. அன்று அதை உண்மையான ஒரு இணையதளத்தில் வைத்திருந்தார்கள். எண் 0508.

சேவ் திறக்கவில்லை, அமைப்புகள் மறந்துபோகின்றன

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அமைப்புகள் பழையபடி ஆகின்றன என்றால் கேம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. பழைய கேம் தன் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும். விண்டோஸ் அதைத் தடுத்து, ஆப்டேட்டாவில் லோக்கலுக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். காணாமல் போன சேவ்களை அங்கே தேடுங்கள். பிறகு கேமை சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் திறந்து அங்கே மாற்றிவிடுங்கள்.

சாக்லேட் டூம் பெரிய மேப்பில் சேவ் செய்யும்போது விழுந்தால், சேவ் அசலின் 180,224 பைட் வரம்பைத் தாண்டிவிட்டது. அதன் கான்ஃபிக் ஃபைலில் வெனிலா_சேவ்கேம்_லிமிட் என்பதை 0 ஆக்குங்கள்.

டூம் போர்ட்டுகளின் சேவ்கள் அந்தப் பதிப்புக்கும், அன்று ஏற்றியிருந்த வாட் ஃபைல்களுக்கும் கட்டுப்பட்டவை. பாதி கேமில் போர்ட்டை அப்டேட் செய்யாதீர்கள்; செய்தால் பழைய பதிப்பின் ஃபோல்டரை அழிக்காமல் வையுங்கள். அதையும் அழித்துவிட்டால், -வார்ப் போட்டு நின்ற மேப்பின் தொடக்கத்துக்குப் போகலாம்: டூம் 2-இல் -வார்ப் 14 என்று ஒரே எண், முதல் டூமில் -வார்ப் 2 5 என்று அத்தியாயமும் மேப்பும். கையில் பிஸ்டலும் 50 தோட்டாவும்தான் இருக்கும். டூமின் மேப்புகளில் பெரும்பாலானவற்றை அதை வைத்தே முடிக்கலாம்.